பன்றியை விட்டுவிட்டு வரச் சொன்ன குரல்

பதினைந்து நிமிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது. காலையில் ஜீப்பில் வரும்போதே கார்லா சொல்லிவிட்டாள். மாகாணப் பேரிடர் அலுவலகத்தின் ஆரஞ்சுச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடியில் படிவங்கள், வளைவுக்கு வளைவு அந்தப் படிவங்கள் சரிய அவள் பிடித்துக்கொண்டே சொன்னாள், பதிவைப் போட்டு முடித்ததும் கேட்டவர்கள் தாங்களாகவே தங்கள் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும், யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, முக்கியமாக நீங்கள், மனாங், பதிவில் இருப்பது உங்கள் குரல். மனாங் என்றால் அக்கா. அவள் அடிவாரத்து மொழியான இலோகானோவில் கூப்பிடுகிறாள், அது அவளுக்கு வீட்டு மொழி, எனக்குச் சந்தை மொழி. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் திருப்பிச் சொன்னால் இந்த மழைக்காலத்திலிருந்து மண்சரிவு எச்சரிக்கை எங்கள் மலை மொழியான கலங்குயாவில் போகும். சொல்லாவிட்டால் போன வருடம்போல இலோகானோவிலேயே போகும். அவ்வளவுதான், சிக்கலே இல்லாத கணக்கு. பதிவு இரண்டு முறை ஓடி முடிந்துவிட்டது. தகரக் கூரை போட்ட ஊர்க்கூடத்தில் பன்னிரண்டு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்து தங்கள் காப்பியைப் பார்க்கிறார்கள். சுவரில் எப்போதோ தோற்றுப்போன மேயர் வேட்பாளர் ஒருவரின் முகம் அச்சிட்ட கடிகாரம். பெரிய முள் அவர் காதருகே இருந்தபோது கார்லா நேரம் குறித்தாள். இப்போது அது அவர் கன்னத்தில் இறங்குகிறது. யாரும் பேசவில்லை. பேசினார்கள், சரியாகச் சொன்னால். முதல் பெஞ்சிலிருந்து ஊர்த் தலைவர், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறவர், எழுந்து இலோகானோவில் சொன்னார்: “மிகத் தெளிவாக இருந்தது மேம். நல்ல விஷயம். நன்றி.” அவர் பக்கத்திலிருந்த பெண்மணியும் எழுந்து, “ஆமாம் மேம், தெளிவாக இருந்தது,” என்றாள். இன்னொருவர், “பிஸ்கட்டுக்கும் நன்றி.” கார்லா மூன்றையும் எழுதிக்கொண்டாள். பதிலுக்கான கட்டத்தில் எழுதவில்லை என்பது தெரியும், நான் எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

தப்பு என்னுடையது, அது வாசலில் நடந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தபோது, கையில் பீன்ஸ் காம்பின் பச்சைக் கறையோடு ஒருத்தி நின்றாள், என் வயதுதான் இருக்கும், நல்ல காலை என்று இலோகானோவில் சொன்னாள், நானும் நல்ல காலை என்று இலோகானோவில் சொன்னேன். அங்கேயே முடிந்தது. நாக்கு தானாகச் செய்கிற வேலை அது, முன்பின் தெரியாதவர் எதிரே வந்தால் இலோகானோ, வெளியே கிளம்பும்போது சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி. அவள் என்னை அடிவாரத்துக்காரி என்று நினைத்தாள். நான் அவளை அப்படி நினைக்கவில்லை, நினைக்க முடியாது, தினோக் பக்கத்து மலையில் பீன்ஸ் கறையோடு நிற்பவள் வேறு யாராக இருப்பாள், இருந்தும் அப்படித்தான் பேசினேன். ஒரு தடவை அப்படி ஆரம்பித்துவிட்டால் பிறகு திரும்ப முடியாது, திரும்பினால் இவ்வளவு நேரம் ஏன் நடித்தாய் என்பதுபோல ஆகிவிடும். என் கணவனும் நானும் அப்படித்தான். அவன் சாந்தா ஃபே பக்கம், நான் கயாபா, இரண்டும் ஒரே மொழி என்று எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் இலோகானோவில்தான் பேசினோம், நான் பேசுவதைக் கேட்டு அவன் சிரித்துவிடுவான் என்று நானும், நான் சிரித்துவிடுவேன் என்று அவனும். சிரிக்கத்தான் செய்தோம், பிற்பாடு. அவர்கள் இழுக்கிற இடத்தில் நாங்கள் வெட்டுவோம், நாங்கள் அழுத்துகிற எழுத்தை அவர்கள் விழுங்குவார்கள். அங்கே ஒரு பேச்சு, இங்கே தினோக்கில் ஒரு பேச்சு, அஹின் பக்கம் ஒன்று, ஒவ்வொரு மலைக்காரனும் தன்னுடையதுதான் நேரானது என்றும் மற்றவர்களுடையது காற்றில் சாய்ந்த பயிர் என்றும் நினைக்கிறான், அந்தச் சாய்ந்த பயிரை யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் எல்லோரும் வெளியே வந்தால் இலோகானோவுக்குள் நுழைந்துகொள்கிறோம் போல. நல்ல காலை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தால். அவள் முதலில் சொன்னாள், நான் பதில்தான் சொன்னேன், ஆனால் வந்தவள் நான், வந்தவள்தான் மாற்றியிருக்க வேண்டும், ஜீப்பில் மூன்று மணி நேரம் வந்தேனே, அதை யோசிக்காமல் சௌசௌ கொடி எந்த மலையில் நன்றாகப் படர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். வியாபார புத்தி. சந்தையில் மைக் பிடித்து முட்டைக்கோஸ் இன்ன விலை, சௌசௌ இன்ன விலை என்று பதினெட்டு வருடமாக அறிவிக்கிறவள் என்பதால்தான் என் குரலைப் பிடித்தார்கள், தூரம் போகும் என்று. அந்த அறிவிப்பும் இலோகானோவில்தான். மைக்கில் கலங்குயா பேசியது வாழ்க்கையிலேயே இந்தப் பதிவில்தான். பதிவு அறையில் முதல் வரி சொன்னதும் உள்பாவாடையோடு தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

முள் வேட்பாளரின் கன்னத்தைத் தாண்டவில்லை. நகர்கிறதா என்றே சந்தேகம். ஓட்டுப் போடாதவர்களுக்கும் கடிகாரம் கொடுத்திருக்கிறார், பெரிய மனசு. டெல்ஃபின் இந்நேரம் கட்டைக்காலைத் தொடைக்குக் கட்டி முடித்திருப்பான். என் தம்பி. வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை, போன அக்டோபரிலிருந்து. அந்த மழையில் இரண்டு நாளும் அலுவலக வண்டி எங்கள் சாலையில் போனது, ஒலிபெருக்கியில் இலோகானோவில் சொல்லிக்கொண்டே போனது, சரிவு அபாயம், வீட்டைவிட்டு வெளியேறவும். நல்ல குரல், நல்ல இலோகானோ, ஒரு குறையும் சொல்ல முடியாது. டெல்ஃபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர்களும் எங்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நான் கேட்டேன், ஏன்டா, உனக்கு இலோகானோ தெரியாதா, லாரி ஓட்டுகிறவனாயிற்றே, கேட்கவில்லையா. கேட்டது மனாங் என்றான். எல்லா வார்த்தையும் புரிந்தது என்றான். எங்களுக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான் சொன்னான், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நானும் அன்று என் வீட்டுக்குள்தான் இருந்தேன், நானும் அந்த வண்டி யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டு போகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன், சோப்பு விளம்பர வண்டி போவதுபோல. என் வீட்டின் மேல் மண் விழவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அலுவலகத்தில் போய் கலங்குயாவில் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர்கள் மறுக்கவில்லை. எந்தக் கலங்குயாவில் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கயாபாப் பேச்சு தினோக்கில் புரியுமா, சோதித்துப் பார்ப்போம் என்றார்கள். அதற்காகத்தான் இந்தக் கூடம், இந்தக் காப்பி. இன்று இங்கே எட்டுப் பேர் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த மழைக்கும் அதே வண்டி, அதே நல்ல குரல், எல்லா வார்த்தையும் புரியும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கார்லா கொட்டாவியை அடக்குகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, விடியும் முன் கிளம்பியவள், நல்ல பெண், வழியில் வாந்தி எடுத்தபோதுகூடப் படிவங்களைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். மழை வரும்போல இருக்கிறது. இல்லை, கூரைமேல் பைன் ஊசிகள் உருள்கின்றன. 

எனக்குப் பின்னால் யாரோ பேசுகிறார்கள். கடைசி பெஞ்சு. திரும்பவில்லை, ஆனால் குரல் தெரிகிறது, வாசலில் நின்ற பீன்ஸ் கறைக்காரி. கூட்டம் தொடங்கும் முன் கேப்டன் அவளைப் பெனிதா என்று கூப்பிட்டார். பக்கத்தில் வெற்றிலை மெல்கிற அவள் புருஷன் காஸ்பர். இலோகானோ இல்லை. தங்கள் பேச்சில், தாழ்ந்த குரலில், நான் ஒரு அடிவாரத்துக்காரியாக முன்னால் உட்கார்ந்திருக்கிற தைரியத்தில். “பன்னியை விட்டுட்டு வரணுமாம், கேட்டியா?” இது பெனிதா. “கேட்டேன் கேட்டேன். யாரு இவ? பன்னி வளர்த்தவ பேச்சா இது?” “கயாபாக்காரியா இருப்பா. கோழி தீனி கொத்துற மாதிரியில்ல பேசுறா, டொக்கு டொக்குன்னு.” காது சுடுகிறது. இரண்டு காதும். கோழியாம். நான் என்னவோ பதிவு அறையில் ஒரு டம்ளர் இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு நிறுத்தி நிறுத்தி அழகாகப் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். “ஓடைத் தண்ணி கலங்கினா கிளம்பணுமாம்,” காஸ்பர் சொல்கிறான், “நமக்கு ஏது ஓடை? குழாய்ல வர்ற ஊத்துத் தண்ணிதான். ஓடையையும் அவளே சாக்குல கட்டி எடுத்துட்டு வருவாளா?” பெனிதா சிரிப்பை மூக்கால் விடுகிறாள். “அதைவிடு. பள்ளிக்கூடத்துக்கு ஓடணுமாம். நம்ம பள்ளிக்கூடத்துக்கு.” “அது மேலதான் மொதல்ல விழும்.” “அதான் சொல்றேன். இவ பேச்சைக் கேட்டு ஓடினா ஒட்டுமொத்தமா ஒரே குழியில போயிரலாம்.” இடையில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை, இன்னொன்றும், சரிவுக்கு அவர்கள் வேறு ஏதோ சொல்கிறார்கள், பத்துக்கு இரண்டு நழுவுகிறது, எட்டு கைக்கு வருகிறது. எட்டு போதும், எட்டுமே என்னைத் திட்டுவதாக இருந்தாலும். எனக்குப் பன்றி இல்லையாம். மூன்று இருக்கிறது, ஒன்று சினை. அந்த வரியை எழுதும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், பன்றியைத் தேடி வீட்டுக்குத் திரும்ப வேண்டாம் என்று எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதினேன், நானே திரும்பிப் போகிறவள்தான். பள்ளிக்கூடம் எங்கள் ஊரில் மேட்டில் இருக்கிறது, தட்டையான மேடு, அதனால் பள்ளிக்கூடம் என்று எழுதினேன். இங்கே வரும் வழியில் பார்த்தேனே, சாலைக்காக வெட்டிய செங்குத்துக்குக் கீழே மஞ்சள் சுவர், பார்த்தேன், சௌசௌவைத்தான் பார்த்தேன். பன்றி, ஓடை, பள்ளிக்கூடம். பன்றி. ஓடை. பள்ளிக்கூடம். பதிவில் நான் சொன்னது மொத்தமே அந்த மூன்றுதான். கார்லாவின் படிவத்தில் கேள்வி ஒன்று, கேள்வி இரண்டு, கேள்வி மூன்று. இதோ என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் மூன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் வசவு சேர்த்து. அலுவலக வண்டியோடு யாராவது இப்படிச் சண்டை போட்டிருக்கிறார்களா. நான் போட்டதில்லை. டெல்ஃபின் போட்டதில்லை. சோப்பு விளம்பரத்தோடு யார் சண்டை போடுவார்கள்.

கார்லா நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்க்கிறாள், யாரோ தங்களுக்குள் அரட்டை அடிக்கிறார்கள் என்று நினைத்து மரியாதையாகப் பார்வையை விலக்கிக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது, எழுந்து சொன்னால்தான் கேப்டன் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். எனக்குப் புரிகிறது, ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் சோதனை கெட்டது என்று எழுதிவிடுவாளோ. எழுதலாம், விதி அவள் பக்கம். இரண்டு நாள் கழித்து வேறு ஊரில் வைப்பார்களா, வைக்க மாட்டார்கள், மழை ஜூனில் வந்துவிடும். திறக்காவிட்டால் பதில் இல்லை என்று எழுதுவாள். திறந்தால் கெட்டது, திறக்காவிட்டால் பதில் இல்லை. நேரம் முடிந்த பிறகு அவளைத் தனியாக அழைத்துச் சொல்லலாம், அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று, பதிவின் குரலே தனக்குச் சாட்சி சொல்கிறதா என்று கேட்பாள், கேட்க வேண்டும், நானாக இருந்தாலும் கேட்பேன். முள் வேட்பாளரின் தாடைக்கு வந்துவிட்டது. அவள் பேனா மூடியைக் கழற்றுகிறாள். அந்தப் பேனா கட்டத்தைத் தொட்டுவிட்டால் அது மை, அழிக்க முடியாது. திரும்பு. திரும்பி என்ன சொல்வாய். வணக்கம் சொல்லவா, அது வாசலோடு போயிற்று. மன்னிப்பா, எதற்கு. கழுத்து திரும்பிவிட்டது, நான் திருப்பவில்லை, பெனிதாவின் முகம் நேர் எதிரே இருக்கிறது, சிரிப்பு இன்னும் உதட்டில் இருக்கிறது, என் வாயிலிருந்து கயாபாப் பேச்சு வருகிறது, கோழி கொத்துகிற மாதிரியே.

“எனக்கு மூணு பன்னி இருக்கு.”

காஸ்பர் மெல்வதை நிறுத்தினான்.  பெனிதாவின் முகத்தில் சிரிப்பு போனது, பிறகு நிறம் ஏறியது, பிறகு அவள் கண்ணைச் சுருக்கி என் வாயைப் பார்த்தாள், அங்கே ஒரு ஸ்பீக்கர் இருப்பதுபோல.

“நீதானா அது?”

“நான்தான்.”

“அப்ப எதுக்கு வாசல்ல இலோகானோ பேசினே?”

“நீதான் மொதல்ல பேசினே.”

“நீ ஜீப்புல வந்தே. ஜீப்புல வர்றவங்ககிட்ட வேற எதுல பேசுறது?” அவளுக்கே அது சரியாகப் படவில்லை, காஸ்பரைப் பார்த்தாள். காஸ்பர், “மூணுல எத்தனை சினை?” என்றான். ஒன்று என்றேன். தலையை ஆட்டினான், மன்னித்துவிட்டதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. “சினைப் பன்னியை வச்சுக்கிட்டா அப்படிச் சொன்னே?” கேப்டன் திரும்பி உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாக, அவர்கள் பேச்சில், கயாபாக்காரர்கள் கொத்துவது உண்மைதான் ஆனால் தெளிவாகக் கொத்துகிறார்கள் என்றார், மூன்று பெஞ்சிலிருந்து சிரிப்பு வந்தது. கார்லா எழுந்துவிட்டாள். “மனாங், பேசக் கூடாது என்று சொன்னேனே.” அவள் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான். நான் சொன்னேன், அவர்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள், மூன்று கேள்விக்கும், பின்னால். “என்ன சொன்னார்கள்?” சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, கோழியையும் சொன்னேன். அவள் படிவத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “நீங்கள் சொல்வதை நான் எழுத முடியாது. நீங்கள் பதிவின் குரல்.” தெரியும் என்றேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள், விரலால் ஒரு வரியைத் தொட்டுப் படித்தாள். “இன்னொரு முறை கேட்க வைக்கலாம். அது விதியில் இருக்கிறது.” பெனிதா, “அதையே திரும்பப் போட வேண்டாம் மேம், அதில் பள்ளிக்கூடம் தப்பு,” என்றாள், கார்லாவுக்காக இலோகானோவுக்கு மாறி, அவ்வளவு மரியாதையாக. பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, “மைக்கை இப்படிக் கொடு. நீ சொன்னா ஊரே ஓடைய தேடிக்கிட்டு நிக்கும்.” கார்லா யோசித்தாள். யாருடைய குரல் என்று விதியில் போட்டிருக்கவில்லை, அவள் இரண்டு முறை தேடினாள். சரி என்றாள், ஒலிப்பதிவுக் கருவியை மைக்கோடு மேசையில் வைத்தாள், நான் பொத்தானை அழுத்தினேன்.

என் வேலை போயிற்று என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மூன்று நாள் இஞ்சித் தண்ணீர், பதிவு அறை, உள்பாவாடை, எல்லாம். தோன்றட்டும். இந்த மலைக்கு இவள், என் மலைக்கு நான், சாந்தா ஃபேயில் யாராவது ஒருத்தி இழுத்து இழுத்துச் சொல்லட்டும், கார்லாவின் அலுவலகம் ஒரு குரல் என்றுதான் கேட்டது, ஒன்று போதாது என்றால் அவர்கள் என்ன சொல்வார்கள் தெரியாது, கேட்டுப் பார்க்க வேண்டும், முதலில் கேட்டதற்கும் அவர்கள் மறுக்கவில்லையே. பெனிதா மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறாள், தள்ளிப் பிடி என்று சைகை காட்டுகிறேன், கேட்கவில்லை. ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சா குழாயைப் பாருங்க என்கிறாள். தண்ணி சேறா வந்தாலும் கிளம்புங்க, அடியோட நின்னு போனாலும் கிளம்புங்க, நின்னுபோனா இன்னும் மோசம். பள்ளிக்கூடத்துக்குப் போகாதீங்க. காஸ்பர் பீன்ஸ் கொட்டகைக்கு மேல இருக்கற மொட்டை மேட்டுக்குப் போங்க. பன்னியை, இங்கே அவள் கொஞ்சம் நிறுத்துகிறாள், கூடம் முழுக்க அவளைப் பார்க்கிறது, பன்னியைக் கயித்தை அறுத்து விட்டுருங்க, அது நம்மைவிட வேகமா ஓடும், நீங்க திரும்பிப் போகாதீங்க. நான் நினைக்காத வரி. அடித்து அடித்து எழுதியும் எனக்கு வராத வரி. இரண்டு வார்த்தை பிடிபடவில்லை, மற்றதெல்லாம் பிடிபட்டது, நான் ஒரு கயாபாக்காரி, பன்னிரண்டோடு பதின்மூன்றாவது ஆளாக என் பெயரையும் கார்லா எழுதிக்கொள்ளலாம்.

பெனிதா முடித்துவிட்டு மைக்கை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருக்கிறாள். ஜன்னலோரம், இதுவரை காப்பியைத் தவிர எதையும் பார்க்காத ஒருவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், எழுந்திருக்காமலே தங்கள் பேச்சில் கேட்கிறார், “அந்த ஏத்தத்துல என் மாமியாரை யாரு தூக்கிட்டுப் போறது? அவ எந்திரிச்சு நாலு மாசமாச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரு வேணும்,” என்கிறார் கேப்டன். “நாலு பேரு,” என்கிறான் காஸ்பர், “நீங்க அந்தக் கிழவியைத் தூக்கிப் பார்த்ததில்லை. வழியெல்லாம் வேற திட்டிக்கிட்டே வருவா.” நாற்காலியைக் கம்பில் கட்டினால் என்ன என்று முதல் பெஞ்சுப் பெண்மணி கேட்கிறாள், இலோகானோவில் தெளிவாக இருந்தது என்று சொன்னவள். கம்பு வழுக்கும் என்கிறார் ஒருவர். எந்தப் பக்க வழி என்று ஒரு சண்டை கிளம்புகிறது. கொட்டகைப் பக்கம் வேலி இருக்கிறது, வேலியில் ஒரு வாசல் வெட்ட வேண்டும், யார் வேலி, காஸ்பர் வேலி, வெட்டிக்கொள்ளுங்கள். கார்லா பேனாவைப் பிடித்தபடி ஒவ்வொரு வாயாகப் பார்க்கிறாள்.

“மனாங், இப்போது பதில் சொல்கிறார்களா?”

“ஆமாம்.”

நான்கு கைகள் மேலே போகின்றன. பிறகு ஐந்தாவதாக ஒன்று, பாதி வரை.

“இது எதற்குக் கை தூக்குகிறார்கள்?”

“மாமியாரைத் தூக்க,” என்றேன். அவள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. பக்கத்தின் ஓரத்தில், வெள்ளையாக இருந்த இடத்தில், அவள் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.